வெவ்வேறு உலாவிகளில் ஒரே புக்மார்க் தொகுப்பைப் பேணுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். வீட்டு மடிக்கணினியில் ஃபயர்ஃபாக்ஸும் அலுவலகக் கணினியில் குரோமும் பயன்படுத்துகிறேன், கைப்பேசி ஆண்ட்ராய்டு. ஒவ்வொரு உலாவியும் தன் கணக்கின் வழியே புக்மார்க்குகளைச் செம்மையாக ஒத்திசைத்தாலும், ஒன்றில் சேமித்த சுட்டி மற்றொன்றுக்குத் தானாகச் செல்வதில்லை. அலுவலகக் கணினியில் சொந்தக் கணக்கைத் திறக்க அனுமதியும் இல்லை.

கல்வெட்டுகள் குறித்துப் பல ஆண்டுகளாகச் சேகரித்த சுட்டிகள் இவை. 'சோழர்' என்ற கோப்புறைக்குள் ஊர்வாரியாகவும், அதற்குள் அரசர்வாரியாகவும் பிரித்து வைத்திருப்பதால், சுட்டிகளைப் போலவே அந்த அடுக்குமுறையும் எனக்கு முக்கியம். எச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து மற்ற உலாவியில் இறக்கினால் அடுக்குமுறை அப்படியே வருகிறது. ஆனால் மறுமுறை இறக்கும்போது பழையவற்றோடு கலக்காமல் எல்லாம் இரட்டிப்பாகிவிடுகிறது. ஓரிடத்தில் நீக்கியது மற்ற இடத்தில் நீங்குவதும் இல்லை.

உலாவிகளுக்கிடையே ஒத்திசைத்துவந்த எக்ஸ்மார்க்ஸ் சேவை 2018 மே மாதத்தில் மூடப்பட்டதை நினைத்தால், ஒரே நிறுவனத்தை மட்டும் நம்பியிருக்கத் தயக்கமாக உள்ளது. ஆகவே நெக்ஸ்ட்கிளவுட் (நாமே நிறுவிக்கொள்ளக்கூடிய மேகச் சேமிப்பு மென்பொருள்) அல்லது வெப்டேவ் (இணையம் வழியே கோப்புகளைச் சேமித்துக் கையாளும் நெறிமுறை) சேமிப்பகத்தில் தொகுப்பை வைத்துக்கொள்ள உதவும் ஃபிளாக்கஸ் என்னும் கட்டற்ற நீட்சியைப் பரிசீலிக்கிறேன்.

அதைப் பயன்படுத்துவோர் தயவுசெய்து தெளிவுபடுத்துங்கள்: உலாவியின் சொந்த ஒத்திசைவை நிறுத்திவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டுமா? இரண்டு கணினிகளில் ஒரே கோப்புறையை மாற்றினால் எந்த மாற்றம் நிலைக்கும்? ஆயிரக்கணக்கான சுட்டிகளை வெப்டேவ் தாங்குமா, அல்லது நெக்ஸ்ட்கிளவுட்தான் ஏற்றதா? வேறு நல்ல வழி இருந்தாலும் அறிய விரும்புகிறேன்.