புதுப்பிப்பு: ஹவுஸ் டிராக்குக்கு கார்ட் வரிசை அமைந்துவிட்டது

நான் செய்யும் ஹவுஸ் (நடன இசை வகை) டிராக்குக்கு ஏ மைனர், எஃப், சி, ஜி என்று கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) போட்டால் எங்கோ கேட்ட பாட்டு மாதிரியே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். ‘ஸ்வரங்களைக் குறைவாக நகர்த்திப் பாருங்கள்’ என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது.

இப்போது வரிசை, நான்கு ஸ்வரக் கார்டுகளாக, ஏ மைனர் 7, எஃப் மேஜர் 7, டி மைனர் 7, ஈ மைனர் 7. இரண்டாவது கார்டுக்குப் போகும்போது ஜி மட்டும் எஃப்புக்கு இறங்குகிறது; அடுத்ததற்கு ஈ மட்டும் டிக்கு. மற்ற மூன்றும் அசைவதே இல்லை. பேட் ஒலியில் (நீண்டு நிற்கும் மென்மையான சிந்தசைசர் ஒலி) அவ்வளவு அழகாக இருக்கிறது! கடைசிக் கார்டில்தான் நான்கு ஸ்வரங்களும் சேர்ந்து ஒரு படி ஏறுகின்றன. அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 2 விநாடிதான். அதனால் ஒவ்வொரு கார்டையும் 2 பார் நிற்கவிட்டேன். பேஸ் (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரம்) முதல் 8 பாரும் ஏயிலேயே நிற்கிறது, அப்புறம்தான் கார்டோடு நகர்கிறது.