வேலை முடிந்த பிறகும் வரும் வேலை: முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போய் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். பின்னேரம் ஐந்தரைக்கு வீட்டுக்கு வெளிக்கிட்டாலும் வேலை முடிவதில்லை. மகளுக்குச் சோறு ஊட்டும்போது வாட்ஸ்அப்பில் பில்லின் படம் வரும். கூடவே "இத ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு குரல் பதிவு. நான் கணக்கைப் பார்த்து முடிக்கும்வரை பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான். அம்மாவோடு ஆறுதலாக இருந்து கதைத்தே கனகாலம்.

இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் வழமையான வேலை. அதற்கு மேல் என்றால் மேலதிக நேரக் கொடுப்பனவு தர வேண்டும். போனில் பார்ப்பதும் வேலைதானே? எனக்குக் காசை விட அந்த இரவு நேரம்தான் பெரிது. முதலாளி நல்ல மனிசன், சம்பளம் பிந்தியதே இல்லை. அதனால் முகம் முறியாமல் பேச விரும்புகிறேன்.

இந்த நிலைமையில் இருந்தவர்கள் எப்படிப் பேச்சைத் தொடங்கினீர்கள்? நேரில் கதைப்பது நல்லதா, எழுதிக் கொடுப்பது நல்லதா? முறைப்பாடு செய்யாமல் தொழில் திணைக்களத்தில் ஆலோசனை மட்டும் கேட்டவர்கள் இருந்தால், அதையும் சொல்லுங்கள்.