மறு: டர்பைன் கடைசியில் நிற்கும் இதழுக்கு என்ன பெயர்?

ஐயா, அக்கா, வணக்கம். ஜெட் என்ஜினில், சூடான காற்றால் சுழலும் டர்பைன் சக்கரங்களுக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் இதழ்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோமே, உங்கள் இருவர் யோசனைகளுக்கும் என் பதில் இது.

> "சுழிமுறி" என்றே வைக்கலாம். நச்சுமுறி இருக்கிறதே.

சொல் நறுக்கென்று இருக்கிறது ஐயா, ஆனால் வேலையைத் தப்பாகச் சொல்கிறது. டர்பைனின் கடைசிச் சுழலிதழ்களைத் தாண்டும் காற்று சுழன்றபடியே வருகிறது. அந்தச் சுழி உந்துவிசைக்கு உதவாது. ஒகேனக்கல்லில் பரிசலைச் சுற்றிவிட்டால் தலைதான் கிறுகிறுக்கும், கரை வராது, அதே கதைதான். அசையாமல் நிற்கும் இந்த இதழ்கள் அதை முறிப்பதில்லை. காற்று பரப்பை விட்டுப் பிரியாதபடி மெல்ல வளைத்து, நேர்த்திசைக்குக் கொண்டுவருகின்றன. பிரிந்தால் அழுத்தமும் போச்சு, சத்தமும் கூடும்.

எங்கள் ஓசூர்ப் பட்டறையில் கோணிய கம்பியைக் கொடுத்து "முறி" என்றால் இரண்டு துண்டாக வரும். "நிமித்து" என்றால்தான் நேராகும். ஆகவே என் ஓட்டு: சுழிநிமிர்த்தி.

> "வழிகாட்டித் தகடு" போதாதா?

போதாது அக்கா. டர்பைனுக்கு முன்னாலும் வழிகாட்டும் இதழ்கள் உண்டு. அவை சுழியை உண்டாக்குகின்றன; பின்னால் நிற்பவை அதை எடுக்கின்றன. எதிரெதிர் வேலைக்கு ஒரே பெயரா? முன்னதைச் சுழியூட்டி என்றால் ஜோடி சேர்ந்துவிடும்.

அப்புறம் சத்தம். நம் சொற்பட்டியலில் என்ஜின் ஒலி எல்லாவற்றையும் "இரைச்சல்" என்று போட்டிருக்கிறோம். என்ஜினின் பின்னால் பீறிடும் காற்றுத் தாரைக்கு அது சரி, அருவி மாதிரிதான். 1952-இல் பிரிட்டிஷ் கணித அறிஞர் லைட்ஹில் காட்டியபடி அதன் ஒலித்திறன் தாரை வேகத்தின் எட்டாம் அடுக்கில் ஏறும். வேகம் பாதியானால் 256-இல் ஒரு பங்கு. டர்பைன் ஒலி வேறு சாதி. ஒவ்வொரு சுழலிதழும் தன் பின்னால் மந்தமான காற்றுத் தடம் ஒன்றை விடுகிறது. அது நிமிர்த்திமேல் படும்போதெல்லாம் ஒரு துடிப்பு. 100 இதழ், நொடிக்கு 50 சுற்று என்று வைத்தால் 5000 ஹெர்ட்ஸ், ஒரே சுருதி. நாகசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிற மாதிரி. "ஒத்தொலி" எனலாமா?

நிலையிதழ்களின் எண்ணிக்கையைப் பார்த்து வைத்தால் இந்த ஒலி குழாய்க்குள்ளேயே தேய்ந்துவிடும் என்று 1962-இல் டைலர், சோஃப்ரின் என்ற பொறியாளர்கள் கணக்குக் காட்டினார்கள். இங்கே அது சுலபமில்லை: சுழல்தண்டின் பின் பேரிங்கின் பாரத்தைத் தாங்குவதும் இவையே என்பதால் தடிமன் அதிகம், எண்ணிக்கை கொஞ்சம். அதனால் இதழைச் சாய்த்து வைக்கிறார்கள்; தடம் முழு உயரத்திலும் ஒரே நேரத்தில் மோதாது. சுவரில் தேன்கூட்டு அறைகள்மேல் துளைத்தகடு போர்த்தி, மிச்ச ஒலியை விழுங்கவைக்கிறார்கள்.

பாரம் தாங்குவதால் பெயரில் "தாங்கி" வேண்டும் என்பீர்கள். அதை இந்த இதழ்கள் அடங்கிய முழுச் சட்டத்துக்கு விட்டுவிடலாம், "பின்தாங்கு சட்டம்" என்று.

தருமபுரிப் பக்கம் பரிசல்காரர்கள் சுழியிலிருந்து பரிசலை நேராக்குவதற்குத் தனிச்சொல் வைத்திருந்தால், ஐயா, கேட்டு எழுதுங்கள். நிமிர்த்தியைக் கைவிட நான் தயார்.