மூன்று தட்டு லில்லி

குழு: நல்லூர் வீட்டார் (ரொறன்ரோ)

விமலா: எல்லோருக்கும் வணக்கம். 29ஆம் திகதி யாழ்ப்பாணம் போகிறேன். மார்ச் கடைசியில்தான் திரும்புவேன். இவர் விதைத்த லில்லி நாற்று மூன்று தட்டு இருக்கிறது. யாராவது பொறுப்பெடுக்க வேண்டும்.

சுபா: எந்த லில்லி அக்கா

விமலா: வாசலில் நிற்கிற வெள்ளை. ரீகல் என்பார். உள்ளே மஞ்சள் தொண்டை, இதழின் வெளிப்பக்கம் கத்தரிப்பூ நிறம் ஓடும். போன வருடம் ஒக்டோபரில் காய் வெடிக்கப் போகிற நேரம் பார்த்துப் பறித்து, விதையைக் கடித உறையில் போட்டு வைத்தார். பெப்ரவரியில் பேஸ்மென்ற் விளக்கின் கீழ் விதைத்தார். மூன்றாம் கிழமை புல் மாதிரி ஒற்றை இலை வந்தது. ஜூனில் இவர் எங்களை விட்டுப் போய்விட்டார். 58 நாற்று நிற்கிறது.

கஜன்: பெரியப்பா முளை வந்த அன்று எனக்கு வீடியோ அனுப்பினார். வைத்திருக்கிறேன்

ராஜன்: என் கராஜில் கொண்டுவந்து வையுங்கள் அக்கா

தர்ஷினி: மாமா... கறிவேப்பிலை

சுபா: 2019 😂

ராஜன்: அதை இன்னும் விடவில்லையா

விமலா: தம்பி, கோபத்தில் சொல்லவில்லை. கறிவேப்பிலை குளிர் தாங்காத மரம், கராஜில் வைத்ததால் போனது. லில்லி நேர்மாறு. இப்போது இலை மஞ்சளாகி விழுந்துவிட்டது, மண்ணுக்குள் பட்டாணி அளவில் சின்ன வெங்காயம் மாதிரிக் கிழங்கு மட்டும்தான். அது இரண்டு மூன்று மாதம் 5 டிகிரிக்குக் கீழே உறங்க வேண்டும். அதற்காகக் கல்லாக உறையவும் விடக்கூடாது. நிலத்தில் இருக்கிற கிழங்குக்கு ஸ்னோ போர்வையாகிவிடும், சின்னச் சாடிக்கு நாலு பக்கமும் குளிர் ஏறும். 1 முதல் 4 டிகிரி நல்லது. உன் கராஜில் ஹீட்டர் ஓடுகிறதே? அந்தச் சூட்டில் ஜனவரியிலேயே விழித்து, வெளிச்சம் இல்லாமல் வெளிறி நீண்டுவிடும்.

ராஜன்: 👍

கஜன்: எங்கள் பேஸ்மென்ற் பிரிட்ஜ்?

சுபா: அதில் மீன் இருக்கிறது

கஜன்: அது மேல்பெட்டி அம்மா. கீழே காலி

விமலா: பிரிட்ஜ் நல்லதுதான். ஆனால் ஆப்பிள் கிட்டவே வைக்காதே. பழுக்கும்போது அது விடுகிற வாயு உள்ளே இருக்கிற முளையைக் கெடுக்கும். மாதம் ஒரு முறை மண்ணைத் தொட்டுப் பார். பிழிந்த துணி மாதிரி ஈரம் போதும். காய்ந்தால் கிழங்கு சுருங்கிவிடும், நனைந்து கிடந்தால் அழுகிவிடும்.

தர்ஷினி: சித்தி வீட்டில் பூனை இருக்கிறதே!! லில்லி பூனைக்கு நஞ்சு. இலை, கிழங்கு, மகரந்தம் எதுவென்றாலும் சிறுநீரகம் போய்விடும்

சுபா: மிட்டு பிரிட்ஜ் திறக்காது

தர்ஷினி: ஏப்ரலில் வெளியே எடுப்பீர்கள்தானே சித்தி

சுபா: அக்கா, என் கார்த்திகைப்பூக் கிழங்கையும் இதோடு வைக்கலாமா? அதையும் லில்லி என்றுதானே இங்கே விற்கிறார்கள்

விமலா: ஐயோ வேண்டாம். பெயர்தான் லில்லி, இனம் வேறு. அது நம் ஊர் வெயிலில் வளர்ந்தது. மண்ணை உதறி, உலர்ந்த மரத்தூளில் வைத்து, வீட்டுக்குள்ளே 10 டிகிரிக்கு மேலே வை. உறைந்தால் செத்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை, அந்தக் கிழங்கும் நஞ்சு.

சுபா: சரி சரி. அக்கா, சூட்கேஸில் இரண்டு கிலோ இடம் இருக்குமா? கல்யாணப் பொம்பிளைக்கு ஒரு சாமான்

ராஜன்: எனக்கும் ஒன்று

விமலா: முதலில் நாற்று. நான் வந்த பிறகு ஏப்ரல் கடைசியில் பகலில் மட்டும் வெளியே, நிழலில் வைத்துப் பழக்க வேண்டும். ஒரு கிழமை, பத்து நாள். மே மாத விக்டோரியா தின விடுமுறையோடு நிலத்தில். இரண்டு அங்குல ஆழம் போதும், பிறகு வேரே கிழங்கைக் கீழே இழுத்துக்கொள்ளும். இவர் அதைச் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் தெரியுமா. அணில் தோண்டாமல் மேலே கம்பி வலை. மே மாதம் சிவப்பு வண்டு வரும், காலையில் கையால் பொறுக்க வேண்டும். அடுத்த கோடையில் ஒன்றிரண்டு பூக்கலாம், மற்றதெல்லாம் 2027இல்.

தர்ஷினி: அம்மா, எந்த நிலத்தில்? வீட்டை விற்று ஒட்டாவா வருவதாகச் சொன்னீர்களே

விமலா: வசந்தத்தில் பேசுவோம்

தர்ஷினி: போன முறை கேட்டபோதும் இதைத்தான் சொன்னீர்கள்

ராஜன்: பிள்ளை, இப்போது விடு

கஜன்: எங்கள் பின்வளவிலும் இடம் இருக்கிறது பெரியம்மா. வெயில் வரும்

(மறுநாள்)

ராஜன்: 📷
கராஜ் ஹீட்டரை நேற்று இரவே நிறுத்திவிட்டேன். இப்போது 4 டிகிரி. தட்டுக்குப் பக்கத்திலேயே வெப்பமானி தொங்கும்.

விமலா: மைனஸ் 20 வந்தால்?

ராஜன்: மீன்கடை வெள்ளைப் பெட்டி மூன்று எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுச் சுவரோடு ஒட்டி வைப்பேன். மிகவும் இறங்கினால் ஹீட்டர் 2 டிகிரியில்.

விமலா: எலி?

ராஜன்: கம்பி வலை வாங்கியாயிற்று. அத்தான் விதைத்ததை நான் சாக விடமாட்டேன் அக்கா.

விமலா: சனிக்கிழமை வா தம்பி. இரண்டு தட்டு உனக்கு, ஒன்று கஜனுக்கு. எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம்.

தர்ஷினி: பூனை???

கஜன்: பிரிட்ஜில் பூட்டு போடுகிறேன்

சுபா: என் பிரிட்ஜில் பூட்டா? அதைப் பிறகு பார்ப்போம். அக்கா, அந்த இரண்டு கிலோ?