வேலூர் மலைங்க யூனிட்டி கேம் எஞ்சின்ல படிக்கட்டா வருது, கோட்டைக்குள்ள ஃபுல்லா தண்ணி, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

காட்பாடி_பையன்:
வேலூர வச்சு ஒரு பைக் கேம் பண்ணினு இருக்கேன். எஸ்ஆர்டிஎம் ஹைட் டேட்டா (விண்வெளில இருந்து அளந்த தரை ஒசரம்) எறக்கி கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல வெட்டி பிஎன்ஜி படமா எடுத்து யூனிட்டில போட்டா டவுனுக்கு கிழக்கால இருக்கற மலைங்கல்லாம் படி படியா நிக்குது, ஸ்மூத் பண்ணா மலையோட உருவமே போயிடுது. இன்னொன்னு, ஓபன் ஸ்ட்ரீட் மேப்ல (ஜனங்களே வரையற ஃப்ரீ மேப்) எடுத்த அகழி கோட்டைக்குள்ளயும் ரொம்பி ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் மட்டும் தான் வெளிய தெரியுது. இன்னா பண்றது?

ஆரணி_மேப்பர்:
தம்பி பிஎன்ஜி 8 பிட்ல வந்திருக்கும், அதுல மொத்தமே 256 லெவல் தான். யூனிட்டில டெரைன் ஹைட்ட டிஃபால்ட் 600 மீட்டர்லயே விட்டிருந்தீங்கன்னா ஒரு படியே ரெண்டு மீட்டருக்கு மேல. 16 பிட் ரா ஃபைலா எடுங்க, சைஸ் 1025க்கு 1025. அதுக்கு முன்னாடி யூடிஎம் 44 நார்த்துக்கு (மீட்டர்ல அளக்கற மேப் முறை) மாத்திடுங்க, டிகிரியிலயே விட்டா மீட்டர் கணக்கு ஒதைக்கும். பைட் ஆர்டர் (ஒவ்வொரு நம்பரோட பைட்டும் எந்த வரிசைல இருக்குன்றது) விண்டோஸ்னு இருக்கான்னும் பாத்துக்கோங்க, இல்லன்னா தரையெல்லாம் ஊசி ஊசியா எழும்பும்.

அகழி மேட்டரு வேற. நடுவுல ஓட்டை இருக்கற தண்ணிய மல்டிபாலிகனா தான் வரைவாங்க, வெளிக்கோடு அவுட்டர், உள்கோடு இன்னர். உங்க இம்போர்ட்டர் இன்னர கண்டுக்காம மொத்தத்தையும் ரொப்புது போல. கியூஜிஐஎஸ்ல தொறந்து பாருங்க, ஓட்டை தெரிஞ்சா டேட்டா சரி, அங்கயே முக்கோணமா வெட்டி மெஷ்ஷா ஏத்திடுங்க. மதில் சுவரு, அகழி ஆழம்லாம் எஸ்ஆர்டிஎம்ல தேடாதீங்க, 2000 பிப்ரவரில ஸ்பேஸ் ஷட்டில்ல ராடார் வச்சு எடுத்தது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி தான், அதெல்லாம் கையால தான் செய்யணும்.

குடியாத்தம்காரன்:
ப்ரோ பாலாற நீலமா ரொப்பிடாதீங்க 😂 2021 நவம்பர் மாதிரி எப்பவாச்சும் தான் கரை பொரள ஓடும், மத்த நாளு மணலு தான். மேப்ல இன்டர்மிட்டன்ட் டேக் (எப்பவாச்சும் தான் தண்ணி ஓடும்னு குறிப்பு) இருந்தா மணல் டெக்ஸ்ச்சர் போடுங்க.

காட்பாடி_பையன்:
அண்ணா படி போயிடுச்சு, சூப்பர்! கோட்டையும் காஞ்சிடுச்சு. இப்ப பாலாத்து பாலத்துல பைக்கு ஓட்டுனா ரோடு ஆத்துக்குள்ள எறங்கி திரும்ப மேல ஏறுது.

ஆரணி_மேப்பர்:
ரோட்ட தரை மேல அப்படியே படிய வக்கிறீங்க, அதான். பிரிட்ஜ் டேக் இருக்கற துண்ட மட்டும் தனியா எடுத்து ரெண்டு முனையோட ஹைட்ட வச்சு நேரா இழுங்க. அப்புறம் கேம் ரிலீஸ் பண்றப்ப ஓபன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்கள்னு கிரெடிட்ஸ்ல போடணும், அந்த மேப் டேட்டாவோட ஓடிபிஎல் லைசென்ஸ்ல அது கட்டாயம்.