சந்தைக் கூப்பன்: கணக்கு முடிப்பதில் யோசனை தேவை

வணக்கம். வருமானம் குறைந்த குடும்பங்கள் உழவர் சந்தையில் காய்கறி, பழம் வாங்க இரட்டிப்புக் கூப்பன் திட்டம் தயாராகிறது. கட்டும் தொகைக்கு இருமடங்கு கூப்பன், வாரத்துக்கு உச்சவரம்பு உண்டு. சந்தை முகப்பு மேசையில் வாங்கி எந்தக் கடையிலும் கொடுக்கலாம். கடைக்காரர் பிறகு எங்களிடம் ஒப்படைத்துப் பணமாக்குவார்.

சிக்கலே இந்தக் கடைசிப் படியில்தான். பணம் இரண்டு வாரம் இழுத்தால் சிறு விவசாயி கூப்பனைத் தொடமாட்டார். வண்டி வாடகையை அவர் அன்றே கொடுத்தாக வேண்டுமே! அடுத்தது சில்லறை. மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் கூப்பன் வேறு செலவுக்குப் போய்விடும். அதனால் ஒரு கட்டுக் கீரை வாங்கும் அளவுக்குச் சிறிய மதிப்பிலேயே அச்சடிக்கிறோம். நகலெடுப்பதைத் தடுக்க வரிசை எண்ணும் புடைப்பு முத்திரையும் உண்டு. கூப்பனோடு வருவோர் நிற்கத் தனி வரிசை கிடையாது. நாலு பேர் பார்க்க நிற்கச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

இதை நடத்திய அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: அன்றன்றே கணக்கு முடிக்க எத்தனை வாரத் தொகையைக் கையில் வைத்திருந்தீர்கள்? மழையால் சந்தை கூடாத வாரம் காலாவதித் தேதியை எப்படிச் சமாளித்தீர்கள்? வேலை முடிந்து தாமதமாக வருவோருக்கு வாடல்தான் மிஞ்சுகிறது. அவர்களுக்காக முன்கூட்டியே காய்கறிப் பை எடுத்துவைக்கும் முறை எங்காவது சரிவந்ததா?