கதவோர நாற்காலி

தொடங்கியவர்:

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவராக இருந்து மறைந்த அக்காவின் பெயரில், மாணவர்களுக்கு உதவ அமைந்த அறக்கட்டளை முதல் உதவித்தொகையை வழங்கிவிட்டது. அவரோடு பழகியவர்களும் அறக்கட்டளையோடு தொடர்புடையவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். முதலில் என்னுடையது.

அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது குடியிருப்போர் கூட்டம் ஒன்றில். தலைவர் அவர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் முன்பே வந்து மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்தி, ஆடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனார். வரிசை முடிந்ததும் ஒரு நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு போய்க் கதவை ஒட்டிப் போட்டார். எதற்கு என்று கேட்டேன்.

"நேரம் கழித்து வருகிறவர் இத்தனை பேரைத் தாண்டி முன்னால் வரக் கூச்சப்படுவார். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பெரும்பாலும் அவருக்குத்தான் அவசரமாகச் சொல்ல ஏதாவது இருக்கும்."

அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரோடு வேலை செய்தேன். இரத்ததான முகாம், முதியோர் எழுத்தறிவு வகுப்பு, வெள்ள நிவாரணம் என்று எதுவாக இருந்தாலும் அந்த ஒற்றை நாற்காலி கதவோரத்தில் இருக்கும். அவர் மறைந்த பிறகு சிலை வைக்கலாம், தெருவுக்குப் பெயர் சூட்டலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. நல்ல மனத்தோடு சொன்னவைதான். ஆனால் அவர் செய்துவந்த வேலை நிற்காமல் நடக்க வேண்டும் என்ற ஆசை எங்களில் பலருக்கு இருந்தது. அப்படித்தான் அறக்கட்டளை பிறந்தது.

நிதிக்குழுவில் இருந்தவர்:

எங்கள் குழுவில் நடந்த பெரிய வாக்குவாதத்தைச் சொல்கிறேன். பணம் சேர்ந்ததும், "முதல் ஆண்டே பாதியை எடுத்து ஐம்பது பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாமே" என்றார்கள். கேட்கும்போது எனக்கும் மனம் இளகியது. ஆனால் பாதியை எடுத்தால் அது நன்கொடை வசூலாகத்தான் இருக்கும், அறக்கட்டளையாக இருக்காது. மூலதனத்தைத் தொடக்கூடாது, அதன் வருவாயில்தான் செலவு என்பதே இதன் உயிர்.

வருவாயையும் முழுவதுமாகச் செலவிட முடியாது. முதலீடு ஆண்டுக்கு 7 சதவீதம் தருகிறது, விலைவாசி 5 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். ஏழையும் செலவழித்தால் தொகை எண்ணிக்கையில் குறையாது, மதிப்பில் மட்டும் ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வரும். இருபது ஆண்டுகள் கழித்து அந்த உதவித்தொகையில் ஒரு பிள்ளையின் புத்தகச் செலவுகூட அடங்காது. அதனால் வருவாயில் ஒரு பகுதியை மூலதனத்தோடு சேர்க்கிறோம்.

இதை எண்களால் சொன்னபோது யாருக்கும் பிடிபடவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளை வைத்துச் சொன்னேன். கோயிலில் நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று எரியப் பல கல்வெட்டுகளில் 96 ஆடுகள் கொடுக்கப்பட்டிருக்கும். பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாமலா இருக்கும்? செத்ததற்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும். நெய்யைச் செலவிடலாம், ஆட்டை விற்கக் கூடாது. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

முதல் ஆண்டில் உதவி பெற்ற மாணவி:

எனக்கு அவரை நேரில் தெரியாது. என் விண்ணப்பம் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் போனது. அம்மா மருத்துவமனையில் இருந்தார்கள். தேதியே நினைவில் இல்லை. நினைவு வந்ததும் போனேன். உள்ளே போகத் தயங்கி வாசலில் நின்றிருந்தேன். மேசையில் இருந்த பெரியவர், "தாமதமா? அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது, உட்கார் அம்மா" என்றார். இதற்கு முன் மூன்று இடங்களில் ஜன்னலுக்கு அப்பாலிருந்தே 'முடிந்துவிட்டது' என்று கேட்டவள் நான்.

அந்தப் படிவத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் 'சொல்ல விரும்பினால் மட்டும்' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த மூன்று சொற்களை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. காரணத்தை எழுதினேன். யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஓர் இடம் தாமதமாக வருகிறவர்களுக்கு என்று அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதியிருப்பதாகப் பிறகுதான் சொன்னார்கள். நாற்காலிக் கதையை இன்றைக்குத்தான் படிக்கிறேன்.

அக்காவை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர்:

சங்கத் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்று தோற்றேன். மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "உங்கள் வடிகால் வரைபடம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, கொடுங்கள், அதையே செய்வோம்" என்றார். செய்தும் காட்டினார். வேலை முடிந்த நாளில் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். அறக்கட்டளைக்கு நான் பணம் கொடுத்தது அந்தக் காலைப்பொழுதுக்காக.

வேறோர் அறக்கட்டளையின் அறங்காவலர்:

உங்கள் பத்திரத்தில் மாற்றத்துக்கு வழி வைத்திருக்கிறீர்களா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நான் பொறுப்பேற்ற அறக்கட்டளை தட்டச்சுத் தேர்வில் முதலிடம் பெறுகிறவருக்குப் பரிசு தர அமைந்தது. வேறு எதற்கும் செலவிடக் கூடாது என்று பத்திரம் சொல்கிறது. பல ஆண்டுகளாக ஒரு விண்ணப்பம்கூட இல்லை. வட்டி மட்டும் சேர்கிறது. மூல நோக்கத்துக்கு மிக நெருங்கிய வேறொரு நோக்கத்துக்கு மாற்றித் தரும்படி நீதிமன்றத்தை நாடியிருக்கிறோம். கொடுத்தவர் நல்லவர். காலம் மாறும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பெஞ்சமின் பிராங்க்ளினுக்கே இது நேர்ந்தது. அமெரிக்க நாடு உருவாகக் காரணமான தலைவர்களில் ஒருவர். 1790-இல் இறந்தபோது பாஸ்டன், பிலடெல்பியா இரு நகரங்களுக்கும் தலா 1,000 பவுண்டு விட்டுச்சென்றார். குருவிடம் தங்கிப் பழகித் தொழில் தொடங்கும் இளம் கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடன் தர வேண்டும், 200 ஆண்டுகள் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குருவிடம் தங்கித் தொழில் பழகும் வழக்கமே மெல்ல மறைய, கடன் கேட்க ஆள் குறைந்தது. பாஸ்டனில் அந்த நிதியின் ஒரு பகுதியிலிருந்து 1908-இல் தொழிற்கல்வி நிலையம் எழுந்தது. கருவி மாறியது, கைத்தொழில் பழகும் இளைஞன் என்ற இலக்கு மாறவில்லை. அப்படி ஒரு வாசகத்தை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

தொடங்கியவர்:

மிக்க நன்றி ஐயா. பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அறங்காவலர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்பினால் உதவியின் வடிவத்தை மாற்றலாம், யாருக்காக என்பதை மாற்ற முடியாது என்று இருக்கிறது. போதுமா என்று வழக்கறிஞரிடம் கேட்கிறேன்.

அந்த மாணவிக்கு: அம்மா நலமா? இந்த ஆண்டு தாமத விண்ணப்பங்கள் இரண்டு வந்திருக்கின்றன, இடம் ஒன்றுதான். சனிக்கிழமை கூடுகிறோம். உனக்கு நேரம் இருந்தால் நீயும் வந்து உட்கார்.